எலியட் எந்தப் பேப்பர்?

அண்ணன் மகள் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறாள். போன வாரம் பாடத்திட்டத்தை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, கூடவே கவிஞர் டி.எஸ். எலியட்டைப் பற்றி ஒரு கேள்வி: "சித்தப்பா, எலியட் பிரிட்டிஷ் பேப்பரா அமெரிக்கன் பேப்பரா? ஒவ்வொரு கைடுலயும் ஒவ்வொரு மாதிரி போட்டிருக்கான்." பதில் அடிக்க ஆரம்பித்தேன், முடிவேனா என்றது. பாதியை அவளுக்கு அனுப்பிவிட்டு மீதியை இங்கே கொட்டுகிறேன்.

இருபது வருஷத்துக்கு முன்னால் நான் படித்தபோதும் இதே குழப்பம்தான். அமெரிக்க இலக்கியத் தாளில் நவீனக் கவிதை பற்றி ஒரு கேள்வி வந்தது, நான் ஆசை ஆசையாக எலியட்டை இழுத்து இரண்டு பக்கம் எழுதினேன். ஓரத்தில் சிவப்பு மையில் "இவர் வேறு தாள்" என்று எழுதி மார்க்கைக் குறைத்துவிட்டார்கள். மனுஷன் பிறந்தது மிசூரியில், செயின்ட் லூயிஸில், 1888-இல். படித்தது ஹார்வர்டில். பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கியதே 1927-இல்தான். அவருடைய பேர்பெற்ற நெடுங்கவிதை 'வேஸ்ட் லேண்ட்' வெளிவந்தது 1922. எழுதும்போது அவர் லண்டனில் லாயிட்ஸ் வங்கியில் வேலை பார்த்த ஓர் அமெரிக்கர், அவ்வளவுதான். அந்த மார்க் இன்னும் உறுத்துகிறது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அந்தக் கவிதையின் வரைவுப் பிரதிக்கே ஒரு கதை உண்டு. எலியட் அதை நியூயார்க்கில் இருந்த ஜான் க்வின் என்ற வழக்கறிஞருக்கு அனுப்பிவைத்தார். அப்புறம் பல வருஷம் அது எங்கே போனதென்றே யாருக்கும் தெரியவில்லை. நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது என்று 1968-இல்தான் வெளியே சொன்னார்கள், அதற்குள் எலியட் இறந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. 1971-இல் அவர் மனைவி வேலரி, அடித்தல் திருத்தல் எல்லாம் தெரியும்படி அதைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். அதைப் புரட்டினால் முதல் பக்கத்திலேயே ஆச்சரியம். ஏப்ரல்தான் மாதங்களிலேயே கொடியது என்று நாமெல்லாம் மனப்பாடம் செய்த அந்த முதல் வரி தொடக்கத்தில் இல்லவே இல்லை. அதற்கு முன்னால் ஐம்பது வரிக்கு மேல் வேறொரு காட்சி ஓடுகிறது: பாஸ்டனில் சில நண்பர்கள் ராத்திரி முழுக்கக் குடித்துவிட்டு ஊர் சுற்றுகிறார்கள். அதை எலியட்டே பென்சிலால் அடித்துவிட்டார். நாலாவது பகுதியில் நியூ இங்கிலாந்துக் கடலில் கிளம்பிய ஒரு மீன்பிடிக் கப்பல் பனிப்பாறையில் மோதும் வரைக்கும் பெரிய பயணம் ஒன்று இருந்தது. அது எலியட்டின் நண்பரும் கவிஞருமான எஸ்ரா பவுண்டின் கையில் சிக்கிப் பத்தே வரியாகச் சுருங்கியது. பவுண்ட் எந்த ஊர்? ஐடஹோ மாநிலத்தில் ஹெய்லி. ஆக, இரண்டு அமெரிக்கர்கள் சேர்ந்து ஒரு கவிதையிலிருந்து அமெரிக்காவை வெட்டி எடுத்தார்கள், மிச்சம் இருந்தது லண்டன் கவிதையாகிவிட்டது. இதை எந்தத் தாளில் வைப்பீர்கள்?

(கடைசி வரி சமஸ்கிருதம் என்பது தனிக்கதை. ஹார்வர்டில் சமஸ்கிருதம் படித்த தைரியத்தில் பிருகதாரண்யக உபநிஷத்தைக் கொண்டுவந்து "சாந்தி சாந்தி சாந்தி" என்று முடித்துவிட்டார். எங்கள் வகுப்பில் அந்தப் பெயரிலேயே ஒருத்தி இருந்ததால் அன்றைக்கு அதற்கு மேல் பாடம் நடக்கவில்லை.)

இதே கவிதையை இங்கிலாந்தில் 1923-இல் புத்தகமாகப் போட்டது ஹோகார்த் பிரஸ். ஆங்கில நாவலாசிரியர் வர்ஜீனியா வுல்ஃபும் அவர் கணவரும் வீட்டிலேயே வைத்து நடத்திய சின்ன அச்சகம். ஒவ்வொரு எழுத்தாகக் கையால் அச்சுக் கோத்தது வுல்ஃபேதான், மொத்தமே 460 பிரதி போல. அதற்கு ஐந்து வருஷம் முன்னால், 1918-இல், அதே வுல்ஃபிடம் ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' நாவலின் கையெழுத்துப் பிரதியும் வந்தது. கொண்டுவந்தவர் ஹேரியட் ஷா வீவர் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, ஜாய்ஸுக்குக் கணக்குப் பார்க்காமல் பணம் கொடுத்துக் காப்பாற்றியவர். இவ்வளவு பெரிய புத்தகத்தை எங்கள் கை அச்சில் போட்டால் இரண்டு வருஷம் ஆகும் என்று வுல்ஃப் திருப்பி அனுப்பிவிட்டார். டைரியில் ஜாய்ஸைப் பருக்களைச் சொறியும் கல்லூரிப் பையன் என்கிற ரீதியில் திட்டினார், கட்டுரையில் பாராட்டினார், அப்புறம் 1925-இல் அவரே லண்டனில் ஒரே ஒரு ஜூன் நாளில் நடக்கும் 'மிஸஸ் டாலோவே'யைக் கொண்டுவந்தார். 'யுலிசிஸ்' டப்ளினில் ஒரே ஒரு ஜூன் நாளில் நடக்கிறது. காப்பி என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்றைப் படிக்காமல் இன்னொன்றைப் படிப்பவர்கள் பாதி விளையாட்டைத் தவறவிடுகிறார்கள்.

'யுலிசிஸ்' தொடராக வந்தது அமெரிக்காவில் 'லிட்டில் ரிவ்யூ' என்ற சிறுபத்திரிகையில். ஆபாசம் என்று வழக்குப் போட்டு, 1921-இல் அதை நடத்திய இரண்டு பெண்களுக்கும் ஆளுக்கு 50 டாலர் அபராதம். புத்தகமாகப் போட்டதும் ஒரு பெண்தான்: பாரிஸில் புத்தகக் கடை வைத்திருந்த சில்வியா பீச் என்ற அமெரிக்கர். நாள் 1922 பிப்ரவரி 2, ஜாய்ஸின் நாற்பதாவது பிறந்தநாள். நியூயார்க் பத்திரிகை, லண்டன் பணம், பாரிஸ் கடை, டப்ளின் தெருக்கள்.

சரி, அப்படியானால் நாட்டுக் கணக்கையே தூக்கிப்போட்டுவிடலாமா? அதற்கும் நான் தயாராக இல்லை. பாடத்திட்டத்தில் என்னை இன்னும் அதிகமாகக் கடுப்பேற்றுவது ஐரிஷ்காரர்களான ஜாய்ஸையும் கவிஞர் யேட்ஸையும் எந்த யோசனையும் இல்லாமல் 'பிரிட்டிஷ் இலக்கியம்' மூட்டையில் போட்டுக் கட்டுவதுதான். சேர்த்துப் படிக்க வேண்டிய இடத்தில் பிரிக்கிறார்கள், பிரித்துப் பார்க்க வேண்டிய இடத்தில் ஒட்டுகிறார்கள்.

ஜாய்ஸின் 'எ போர்ட்ரெய்ட் ஆஃப் தி ஆர்ட்டிஸ்ட்' நாவலின் ஐந்தாம் அத்தியாயத்தில் ஓர் இடம். கதாநாயகன் ஸ்டீஃபன் டப்ளினில் தன் கல்லூரியில் நுழைகிறான், ஆங்கிலேயரான ஒரு பாதிரியார் கணப்பில் தீ மூட்டிக்கொண்டிருக்கிறார். பேச்சு விளக்குக்கு எண்ணெய் ஊற்றும் புனலுக்குப் போகிறது. அவர் 'ஃபனல்' என்கிறார், இவன் 'டன்டிஷ்' என்கிறான். அந்த வார்த்தையையே நான் கேட்டதில்லையே, அயர்லாந்தில் இப்படித்தான் சொல்வீர்களா என்கிறார் அவர். அவ்வளவுதான், சண்டை கிண்டை எதுவும் இல்லை. ஆனால் ஸ்டீஃபனுக்கு உள்ளே சுருக்கென்கிறது: நாம் பேசும் இந்த மொழி எனக்கு முன்னால் இவருக்குச் சொந்தம், வீடு என்ற வார்த்தைகூட இவர் வாயில் ஒரு மாதிரியும் என் வாயில் ஒரு மாதிரியும் ஒலிக்கிறதே என்று. நாவல் முடியும் தறுவாயில் அகராதியை எடுத்துப் பார்க்கிறான். டன்டிஷ் அசல் பழைய ஆங்கில வார்த்தை! தன் மொழியை நமக்குக் கற்பிக்க வந்தாரா, நம்மிடம் கற்றுக்கொள்ள வந்தாரா இந்த ஆள் என்று டைரியில் பொரிந்து தள்ளுகிறான். இதை 'பிரிட்டிஷ் நாவல்' என்ற தலைப்புக்குக் கீழே வைத்துப் பாடம் எடுத்தால், அந்தப் பாதிரியார் பக்கம்தானே நாமும் உட்கார்ந்திருக்கிறோம்?

'ஜாய்ஸ் கடைசிவரை பிரிட்டிஷ் பாஸ்போர்ட்தான் வைத்திருந்தார்' என்று கமெண்டில் யாராவது வருவீர்கள். உண்மைதான், ஐரிஷ் பாஸ்போர்ட் தருகிறோம் என்றபோதும் வேண்டாம் என்றார். பாஸ்போர்ட்டை வைத்து முடிவெடுப்பது என்றால் நாவல்களே தேவையில்லை. 'யுலிசிஸ்'ஸிலேயே மதுக்கடையில் ஒருவன் கதாநாயகன் புளூமிடம் உன் தேசம் எது என்று கேட்கிறான். யூதக் குடும்பத்தில் வந்த புளூம், அயர்லாந்து, நான் இங்கேதான் பிறந்தேன் என்கிறார். தேசம் என்றால் என்ன என்று கேட்டதற்கு, ஒரே மக்கள் ஒரே இடத்தில் வாழ்வது என்கிறார், கடையே சிரிக்கிறது, உடனே சமாளித்து, வெவ்வேறு இடங்களில் வாழ்வதும்தான் என்று சேர்க்கிறார். எனக்கென்னவோ அந்தத் தடுமாற்றம்தான் சரியான பதிலாகத் தெரிகிறது.

அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் ஃபாக்னரை விட்டுவிட்டால் அமெரிக்கப் பேப்பர்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஊரைவிட்டு ஓடாமல் மிசிசிப்பியிலேயே உட்கார்ந்து எழுதியவர். 'தி சவுண்ட் அண்ட் தி ஃபியூரி'யின் (1929) முதல் பகுதியில் காலம் முன்னும் பின்னும் தாவும். ஒவ்வொரு காலத்தையும் ஒவ்வொரு நிற மையில் அச்சடிக்க முடிந்தால் நன்றாக இருக்கும் என்று ஆசைப்பட்டார். மூன்று தடவை பாதியில் மூடிவைத்தேன், நாலாவது தடவை ஜாய்ஸைப் படித்த கையோடு எடுத்தேன், கடகடவென்று ஓடியது.

அண்ணன் மகளுக்கு அந்த டன்டிஷ் பக்கத்தை மட்டும் முதலில் படி என்று அனுப்பினேன். ராத்திரி பதினோரு மணிக்கு பதில் வந்தது: "படிச்சிட்டேன் சித்தப்பா, செம. ஆனா எலியட் எந்தப் பேப்பர்னு நீங்க இன்னும் சொல்லவே இல்ல."

ரெண்டுலயும் படிச்சு வை, எந்தப் பேப்பர்ல கேக்குறானோ அந்த நாட்டுக்காரர்னு முதல் வரியிலயே எழுதிடு என்றேன்.