முகத்தைப் பார்த்தே நாட்டை முடிவு செய்கிறார்கள்

பர்மாவின் யாங்கூனில் விடிகாலையில் கூலி வேலைக்கு நிற்கிற நம் தமிழ்ப் பையன்களிடம் மேஸ்திரி முதலில் கேட்பது "குடியுரிமைக் கார்டு இருக்கா?" என்றுதான், பக்கத்தில் நிற்கிற பர்மியரிடம் அதைக் கேட்பதே இல்லை. கலவை போடத் தெரியுமா என்று கேட்டாலாவது நியாயம்! வெள்ளைக்காரன் காலத்தில் வயலுக்கும் துறைமுகத்துக்கும் வந்தவர்களின் பேரன், கொள்ளுப்பேரன்கள் இவர்கள், வேறு ஊரே தெரியாது. 1982 குடியுரிமைச் சட்டம் 1823-க்கு முன்பே குடியிருந்த இனங்களைத்தான் மண்ணின் மக்கள் என்கிறது, மற்றவர்களில் பலருக்கு முழுக் குடியுரிமை இல்லாத நீலக் கார்டு, பச்சைக் கார்டு. சரி, முழுக் குடிமகனுக்கான இளஞ்சிவப்புக் கார்டையே நீட்டினாலும் போலி என்று முடிவுகட்டின மாதிரி திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். அப்புறம் "எங்கே போய்ச் சொல்லப் போகிறான்" என்ற தைரியத்தில் கூலியிலும் கை வைக்கிறார்கள், அதுதான் வயிறு எரிகிறது.

இதைவிடக் கொடுமை, நம்மவர்களே தாடி வைத்த ஒரு கூலிக்காரரைப் பார்த்ததும் "பங்களாதேஷிலிருந்து ஓடி வந்தவன்" என்று கூசாமல் சொல்வது. அந்த மனிதர் பிறந்தது இதே பர்மாவின் பேகூவில், அவர் அப்பாவும் அங்கேதான் மூட்டை தூக்கினார்.