சோழர் காலத் திருமேனியும் அதன் பக்கத்து விளக்கப் பலகையும்

சென்ற மாதம் ஒரு மாவட்ட அருங்காட்சியகத்தில் எடுத்த நான்கு படங்களை இங்கே பதிவிட்டிருந்தேன். மூன்று படங்கள் ஒரு சோமாஸ்கந்தர் செப்புத் திருமேனியுடையவை. நான்காவது, அதன் பக்கத்தில் வைத்திருந்த விளக்கப் பலகை. நுழைவுச் சீட்டும் கேமராச் சீட்டும் வாங்கி, மேலே எரியும் ட்யூப் லைட் கண்ணாடியில் விழாதபடி கைப்பேசியைப் பேழையோடு ஒட்டிப் பிடித்து எடுத்த படங்கள். இரண்டு நாள் கழித்து, அங்கே பணிபுரிவதாகச் சொன்ன ஒருவர் உள்பெட்டியில் எழுதினார்: "இவை அருங்காட்சியகத்தின் பதிப்புரிமைக்கு உட்பட்டவை, தயவுசெய்து நீக்கிவிடுங்கள்." மரியாதையாகத்தான் கேட்டார், நானும் அன்றிரவே நீக்கிவிட்டேன். பிறகு சட்டத்தை எடுத்து நிதானமாகப் படித்தேன். படித்த பின், திருமேனியின் மூன்று படங்களையும் மறுபடி பதிவிட்டிருக்கிறேன். ஏன் என்பதை விளக்கமாகச் சொல்லிவிட விரும்புகிறேன், ஏனென்றால் இதே செய்தி நண்பர்கள் பலருக்கும் வந்திருக்கிறது.

1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு கலைப்படைப்பின் உரிமை படைத்தவரின் வாழ்நாள் முழுவதும் இருக்கும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் நீடிக்கும், அதோடு முடிந்துவிடும். அந்தச் சோமாஸ்கந்தரை வார்த்த ஸ்தபதியின் பெயர் நமக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கணக்கு மாறாது. ஒரு பொருளைக் காவலில் வைத்திருப்பது வேறு, அதன் பதிப்புரிமையை வைத்திருப்பது வேறு. யார் தொடலாம், எத்தனை மணிக்குக் கதவைச் சாத்த வேண்டும் என்பதையெல்லாம் அருங்காட்சியகம் தீர்மானிக்கலாம். தன்னிடம் இருக்கிறது என்பதாலேயே ஆயிரம் ஆண்டுப் பழமையான ஒரு படைப்பின் பதிப்புரிமை அதற்கு வந்துவிடாது. எழுத்தாளர்களின் நூல்களை அரசு நாட்டுடைமை ஆக்குவதைப் பார்த்துப் பழகியிருக்கிறோம். இங்கே அப்படி யாரும் அறிவிக்கவும் தேவையில்லை.

அப்படியானால் அந்தப் பணியாளர் எதை நினைத்துச் சொன்னார்? அருங்காட்சியகத்தின் விதியை நினைத்துச் சொல்லியிருப்பார் என்றே எண்ணுகிறேன். "படம் எடுக்கக் கூடாது", "சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்று எழுதி வைத்திருந்தால், சீட்டு வாங்கி உள்ளே போகிறவர் அந்த நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டு போகிறார். அது ஓர் ஒப்பந்தம், அதற்கும் மதிப்பு உண்டு. ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் உள்ள ரைஸ் எங்கல்ஹார்ன் அருங்காட்சியகம் தொடுத்த வழக்கில், தடையை மீறிப் பார்வையாளர் எடுத்த படங்களை இணையத்தில் ஏற்றியது அந்த ஒப்பந்தத்தை மீறியதாகும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. நான் போன இடத்தில் அப்படி எந்த அறிவிப்பும் இல்லை, கேமராவுக்குக் கட்டணமும் வாங்கினார்கள். ஃபிளாஷ் கூடாது என்ற விதியை முழு மனதோடு ஏற்கிறேன். பழைய ஓவியத்துக்கும் துணிக்கும் ஓலைச்சுவடிக்கும் வெளிச்சம் கேடு. ஆனால் விதியை விதி என்றே சொல்ல வேண்டும். அதற்குப் பதிப்புரிமை என்று பெயர் வைத்தால், கேட்பவர் பயந்து எல்லாவற்றையும் நீக்கிவிடுகிறார்.

எல்லாப் பொருளுக்கும் இதே விடை பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வர்களாக இருந்த இருவரை எடுத்துக்கொள்வோம். தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை 1959 முதல் மெரினாவில் நிற்கிறது. பொது இடத்தில் நிலையாக வைத்திருக்கும் சிற்பத்தைப் படம் எடுத்து வெளியிடுவது உரிமை மீறல் ஆகாது என்று சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்வதால், அதன் உரிமைக் காலம் முடிந்ததா என்று நாம் கணக்குப் பார்க்கவே வேண்டியதில்லை. பொதுமக்கள் நுழையக்கூடிய கட்டடத்துக்குள் இருக்கும் சிற்பத்துக்கும் இதே சலுகை உண்டு. ஓவியத்துக்கு இந்தச் சலுகை இல்லை. கே.சி.எஸ். பணிக்கர் 1977இல் மறைந்தார்; அவருடைய ஓவியங்களின் உரிமை 2037 முடியும்வரை உயிரோடு இருக்கும். 1906இல் மறைந்த ரவி வர்மாவின் ஓவியங்களைத் தயக்கமின்றிப் பகிரலாம். மூவரின் படைப்புகளும் ஒரே கூடத்தில் இருந்தாலும் மூன்றுக்கும் விடை வேறு வேறுதான்.

இனி அந்த நான்காவது படம். பலகையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உண்மையில் சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. "சோமாஸ்கந்தர், செம்பு, இன்ன ஊர், இத்தனையாம் நூற்றாண்டு" என்ற இரண்டு வரி வெறும் தகவல். தகவலுக்கு உரிமையாளர் இல்லை. ஆனால் இன்றைய அருங்காட்சியகங்களில் பலகை அவ்வளவு சிறியதாக இருப்பதில்லை. மூன்று பத்தி விளக்கம், வரைந்த நிலப்படம், அகழாய்வுக் குழியின் புகைப்படம், பழைய ஊர் இப்படி இருந்திருக்கும் என்று கற்பனையாகத் தீட்டிய சித்திரம் எல்லாம் ஒரே பலகையில் வருகின்றன. இவற்றை ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார், ஒருவர் வரைந்திருக்கிறார். 52ஆம் பிரிவில் சிற்பத்துக்குத் தரும் சலுகை எழுத்துக்கும் வரைபடத்துக்கும் இல்லை. அரசு அருங்காட்சியகத்தின் பலகை என்றால் அது அரசுப் படைப்பு; வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை அரசிடம் இருக்கும். திருமேனியைப் பகிர அஞ்சுகிற நாம், இந்தப் பலகைகளை மட்டும் முழுமையாகப் படம் பிடித்து வரிசையாகப் பதிவிடுகிறோம். நானும் அதைச் செய்திருக்கிறேன். இப்போது, பலகையைக் குறிப்புக்காக மட்டும் படம் எடுத்துக்கொண்டு, அதிலுள்ள தகவலை என் சொற்களில் எழுதி, எந்தக் கூடம், எந்தப் பேழை என்று குறிப்பிடுகிறேன். அப்படி எழுதும்போதுதான் பலகையை ஒழுங்காகப் படிக்கிறோம் என்பதையும் கண்டுகொண்டேன்.

நாமே எடுக்கும் படத்துக்கு உரிமை நம்முடையது. சிற்பம் பழமையானதாக இருந்தாலும், கோணத்தையும் வெளிச்சத்தையும் தேர்ந்து படம் எடுத்தவரின் உழைப்பு இன்றையது. ஒரு பெரிய பக்கம் என் படத்தை எடுத்துத் தன் முத்திரையைக் குத்திப் போட்டதைப் பார்த்தபோது எவ்வளவு வலித்தது என்பது எனக்குத் தெரியும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் தன் சேகரிப்பின் மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. நம் அருங்காட்சியகங்களும் அப்படிச் செய்ய வேண்டும் என்பதே என் ஆசை.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்கு ஸ்ரீபுரந்தான் நடராஜர் காரணம். ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் அந்தத் திருமேனியை 2008இல் 50 லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. அது அரியலூர் மாவட்டக் கோயிலில் இருந்து களவு போனது என்பதை நிறுவ உதவியவை, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் என்ற ஆய்வு மையம் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்தக் கோயிலில் எடுத்து வைத்திருந்த புகைப்படங்கள். 2014இல் நடராஜர் திரும்பி வந்தார். படம் இல்லாமல் போயிருந்தால் ஒப்பிட்டுக் காட்ட நம்மிடம் என்ன இருந்திருக்கும்? ஒரு திருமேனியின் முன்பக்கம், பின்பக்கம், பீடத்தின் தேய்மானம், ஒடிந்த விரல் எல்லாம் பலருடைய கைகளில் படமாக இருப்பதே அதற்குக் காவல். இல்லாத உரிமையின் பெயரால் அந்தப் படங்களை நீக்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

நான்காவது படத்தையும் இன்று மறுபடி போட்டிருக்கிறேன், பலகையின் இரண்டு வரிகளை மட்டும் வெட்டி. விமர்சனத்துக்காக ஒரு பகுதியை நியாயமான அளவில் எடுத்துக்காட்டுவதைச் சட்டம் அனுமதிக்கிறது, எனக்கும் ஒரு விமர்சனம் இருக்கிறது. தமிழ் வரி 11ஆம் நூற்றாண்டு என்கிறது; அதன் கீழேயே ஆங்கில வரி 12ஆம் நூற்றாண்டு என்கிறது. எது சரி என்று அந்தப் பணியாளருக்கே எழுதிக் கேட்டிருக்கிறேன்.