பிள்ளையை வெளியே அனுப்பியது தவறு

ஞாயிற்றுக்கிழமை, அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து ஆராதனையில் நடந்ததை நம் சபைக்காரர்கள் எல்லாரும் பார்த்தீர்கள். வாட்ஸ்அப் குரூப்பில் பேசித் தீர்த்தும் ஆயிற்று. பிரசங்கத்தை நிறுத்தி, மைக்கிலேயே "அந்தப் பிள்ளையை வெளியே கொண்டுபோங்கம்மா" என்று சொன்னது தவறு. யார் சொல்லியிருந்தாலும் தவறுதான்.

அவன் அப்படி என்ன செய்துவிட்டான்? நான் அதே பெஞ்சில்தான் இருந்தேன். காணிக்கைக்கு வைத்திருந்த பத்து ரூபாய் நாணயம் கையிலிருந்து நழுவி, மொசைக் தரையில் உருண்டு முன் பெஞ்சுகளுக்கு அடியில் போய்விட்டது. "அம்மா, இயேசப்பா காசு!" என்று எழுந்து நின்று கத்தினான். மூன்று வயது. போட வேண்டிய காசு போய்விட்டதே என்ற பதற்றம். அதைக் குறும்பு என்கிறீர்கள்.

அவன் அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு, வண்டிகள் நிறுத்தும் இடத்தில் வெயிலில் நின்றாள். திருவிருந்து எடுக்காமலே போய்விட்டாள். கணவர் துபாயில். போரூரிலிருந்து ஒற்றை ஆளாகப் பிள்ளையைக் கிளப்பி, பஸ் பிடித்து, எட்டரை மணிக்கு வந்து உட்காருவது என்ன பாடு என்று பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று நாமும்தான் எழுந்து நின்றோம். நம் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) ஞானஸ்நான ஆராதனை முறையில் பெற்றோரை மட்டுமா கேட்கிறார்கள்? இந்தப் பிள்ளையை வளர்ப்பதில் துணைநிற்கும் பொறுப்பை ஏற்கிறீர்களா என்று சபையையும் கேட்கிறார்கள். ஏற்கிறோம் என்று வாய் திறந்து சொன்னோம். அந்த வார்த்தை என்ன ஆயிற்று? 1947-ல் இதே சென்னையில், ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன் என்று தனித்தனிச் சபைகளாகப் பிரிந்து கிடந்தவர்கள் ஒன்றாகி உண்டான சபை இது. அத்தனை பேருக்கும் இடம் இருந்தது. மூன்று வயதுப் பிள்ளைக்கு இல்லையா?

"ஆலயத்தில் அமைதி வேண்டாமா?" மத்தேயு 21-ஐ எடுத்துப் படியுங்கள். தேவாலயத்துக்குள்ளேயே பிள்ளைகள் ஓசன்னா என்று ஆர்ப்பரித்தார்கள். கோபப்பட்டவர்கள் பிரதான ஆசாரியரும் வேதபாரகரும், அதாவது ஆலயத்துப் பெரிய குருக்களும் வேத அறிஞர்களும். இயேசு பிள்ளைகள் பக்கம் நின்று பேசினார்.

"வயசானவர்களுக்குக் காது சரியாகக் கேட்காதே?" உண்மைதான், சிரமம் புரிகிறது. ஆனால் பிரசங்கத்தின் நடுவே போன் அடிக்கிற பெரியவர்கள் யாரையாவது மைக்கில் வெளியே அனுப்பியிருக்கிறோமா?

"தாய்மார் அறை இருக்கிறதே?" அங்கே ஸ்பீக்கர் வேலை செய்வதில்லை. உடைந்த நாற்காலிகளும் கிறிஸ்துமஸ் ஸ்டார்களும் அடுக்கிக் கிடக்கின்றன. அதில் போய் உட்காரத்தான் அவள் போரூரிலிருந்து வருகிறாளா?

"நாங்களெல்லாம் அந்தக் காலத்தில் அடங்கி இருந்தோம்" என்று ஒரு ஐயா எழுதியிருந்தார். தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலில் பிள்ளைகளை முன்னால் பாயில் உட்கார வைப்பார்கள். தூக்கம் வந்தால் யாராவது ஒரு பெரியம்மா மடியில் போட்டுக்கொள்வாள். எங்கள் ஆச்சி முந்தானை முடிச்சில் மிட்டாய் வைத்திருப்பாள், பக்கத்துப் பிள்ளைகளுக்கும் சேர்த்து. ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளை முறைப்பார், பிரம்பைக் காட்டுவார். வெளியே போ என்று சொன்னதில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அன்றைக்கு ஒரு சபையே இருந்தது, ஐயா. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொள்ள ஒரு கைகூட நீளவில்லை.

எனக்கு இது ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றால், என் மகன் சிறியவனாக இருந்தபோது, வேறொரு சபையில், இதே பார்வைகளுக்குப் பயந்து நான் வாசலில் நின்றிருக்கிறேன். பாட்டு கேட்கும், பிரசங்கம் பாதிதான் கேட்கும். இன்று அவன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வருவான், ஆராதனைக்கு வரமாட்டான். "நீங்க போயிட்டு வாங்கம்மா" என்பான். வாலிபர் கூட்டத்துக்கு ஆளே வருவதில்லை என்று கமிட்டியில் வருத்தப்படுகிறீர்களே, மூன்று வயதில் வெளியே அனுப்பினால் இருபது வயதில் எப்படி உள்ளே வருவான்?

சபை மானம் போகிறது, பதிவை எடுத்துவிடுங்கள் அக்கா என்று இன்பாக்ஸில் கேட்கிறீர்கள். எடுக்க மாட்டேன். மைக்கில் சொன்னவர் அந்தப் பெண் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கட்டும். அடுத்த ஞாயிறு அவளும் பிள்ளையும் என் பக்கத்தில் உட்காரட்டும். அப்புறம் பேசலாம்.