ஆச்சியின் கேள்விக்கு விழுந்த ஹாஹா

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து ஆட்கள் போன், லேப்டாப், இன்வெர்ட்டர் என்று எதை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளும் நம் முகநூல் தொழில்நுட்பக் குழுவை நடத்துகிறவர்களில் நானும் ஒருவன். மூன்று வாரமாக மனதில் கிடப்பதை எழுதிவிடுகிறேன்.

வீட்டில் பலகாரம் போட்டு விற்கும் ஆச்சி ஒருவர் கேட்டிருந்தார்: "போட்டோ எல்லாத்தையும் அழிச்சிட்டேன், இன்னும் இடம் இல்லைன்னே சொல்லுது." நியாயமான கேள்வி. அழித்த படம் உடனே போய்விடாது. பல போன்களில் 30 நாள் வரை குப்பைத்தொட்டியில் கிடக்கும், அதையும் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும். ஒருவர் பொறுமையாக இதை எழுதியும் இருந்தார். அதற்குள் கேள்விக்குக் கீழே இருபதுக்கு மேல் ஹாஹா. மறுநாள் பதிவையே காணோம். ஆச்சி அழித்துவிட்டார், பதிலும் கூடவே போயிற்று.

சிரித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. பாதிப் பேரை எனக்கு நேரில் தெரியும். அதே ஆச்சி கடை வாசலில் வந்து கேட்டிருந்தால், உட்காரச் சொல்லி, போனை வாங்கிச் சரிசெய்து, காசும் வாங்காமல் அனுப்பியிருப்பார்கள். இங்கே பட்டன் இருந்தது, அமுக்கினார்கள். அதுதான் என்னை உறுத்துகிறது.

அந்தப் பட்டனுக்குப் பின்னால் ஒரு கணக்கும் ஓடுகிறது. 2016 பிப்ரவரியில் முகநூலில் லைக்கோடு ஹாஹா, கோபம், சோகமெல்லாம் வந்தன. எந்தப் பதிவை யாருக்குக் காட்டுவது என்று தீர்மானிக்கும் கணக்கில், 2017 முதல் அந்த எமோஜி ஒவ்வொன்றுக்கும் ஒரு லைக்கைப்போல ஐந்து மடங்கு எடையை முகநூல் கொடுத்துவந்தது 2021இல் வெளியான அந்த நிறுவனத்தின் உள் ஆவணங்களால் தெரியவந்தது. கோபத்தின் எடையைப் பூஜ்யமாக்கியதே 2020இல்தான். ஒருவரைப் பார்த்து நாலு பேர் சிரித்தால், அந்தச் சிரிப்பே இன்னும் நாற்பது பேரைக் கூட்டிவரும் ஏற்பாடு அது.

1997இல் தொடங்கிய ஸ்லாஷ்டாட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தில் வேறு மாதிரி யோசித்தார்கள். ஒரு கருத்தை மேலே ஏற்றும்போதே ஏன் ஏற்றுகிறோம் என்று சொல்ல வேண்டும்: ஆழமானது, தகவல் உள்ளது, வேடிக்கையானது என்று. வேடிக்கை என்று ஏற்றினால், எழுதியவரின் நற்பெயர்க் கணக்கில் ஒன்றும் சேராது. மட்டுறுத்தும் வேலை, அதாவது கருத்துகளை ஏற்றி இறக்கும் வேலை, உறுப்பினர்களுக்கே மாறி மாறி வரும். ஒரு விவாதத்தில் எழுதியவர் அதே விவாதத்தை மட்டுறுத்தவும் முடியாது.

இந்தக் கடைசி விதியைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. ஊருணியில் விழுந்த போனை அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்லி ஒரு பதில், அறுபது லைக்கோடு உச்சியில் நின்றது. எழுதியவர் பெயருக்குப் பக்கத்தில் சிறந்த பங்களிப்பாளர் பட்டை வேறு. பல வருஷமாகச் சர்வீஸ் செய்யும் ஓர் அண்ணன், "அரிசியில போடாதீங்கய்யா, மாவு உள்ள போயிரும். ஆஃப் பண்ணு, சார்ஜ் போடாதே" என்று கொஞ்சம் காரமாக எழுதினார். நான் அரிசிக்காக வாதாடிக்கொண்டிருந்தேன். மரியாதை இல்லை என்று சொல்லி அவர் கருத்தை நீக்கினேன், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். ஆப்பிள் நிறுவனமே அரிசியில் போடாதீர்கள் என்றுதான் சொல்கிறது. அண்ணன் சொன்னது சரி. வாதாடுகிறவன் கையில் நீக்கும் பட்டன் இருக்கக் கூடாது. போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "விடுப்பா" என்றார். ஆனால் அதற்கப்புறம் அவர் குழுவில் எழுதவில்லை.

இனி எதை நீக்கினாலும் காரணத்தை எழுதித்தான் நீக்குவோம். நான் பேசிய விவாதத்தில் நான் கை வைக்க மாட்டேன், வேறொருவர் பார்ப்பார். டெலிகிராம் என்றால் எந்த எமோஜி இருக்கலாம் என்று நிர்வாகியே தீர்மானிக்கலாம். முகநூலில் அது முடியாததால் உங்களிடம் கேட்கிறேன்: ஒருவர் தெரியாமல் கேட்கும் கேள்விக்கு ஹாஹா போடாதீர்கள். பதில் தெரிந்தால் ஒரு வரி எழுதுங்கள், இல்லையென்றால் கடந்து போங்கள்.

ஆச்சியிடம் கேட்டுக்கொண்டு, அவர் கேள்வியைப் பெயர் போடாமல் பதிலோடு நேற்று மறுபடி பதிந்தேன். இன்று காலைக்குள் மூன்று பேர், "எனக்கும் இதே பிரச்சினைதான், இப்போ சரியாயிடுச்சு" என்று எழுதியிருக்கிறார்கள்.