முட்டிக்குள் இருப்பதை எப்படிக் கழற்றிக் காட்டுவது?

விமான நிலையப் பாதுகாப்புச் சோதனை. பெல்ட்டைக் கழற்றியாச்சு, வாட்சைக் கழற்றியாச்சு, ஷூவும் தட்டில் போயாச்சு. ஆனாலும் மெட்டல் டிடெக்டர் வாசலைத் தாண்டினதும் "பீப்". உடனே, "பாக்கெட்ல என்ன இருக்கு?" பாக்கெட்டில் ஒன்றும் இல்லை சார், முட்டிக்குள் இருக்கிறது! மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் வைத்த கோபால்ட் குரோமியமும் டைட்டானியமும். "திரும்பப் போய்ட்டு வாங்க." மூன்று தடவை நடந்தால் உலோகம் கரைந்துவிடுமா?

உடம்புக்குள் என்ன வைத்திருக்கிறது என்று காட்டும் இம்பிளான்ட் கார்டை நீட்டினால் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. கார்டு இருந்தால் சோதனையே வேண்டாம் என்று யாரும் கேட்கவில்லை. உடம்பில் எங்கே இருக்கிறது என்றாவது படிக்கலாமே?

இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி வைத்தவர்கள் பாடு இன்னும் மோசம். வாசலில் நிற்காமல் இயல்பாக நடந்து போனால் பிரச்சினை இல்லை. சோதனை செய்பவர்களோ சரியாக நடுவில் "அப்படியே நில்லுங்க" என்பார்கள். உலோகம் தேடும் கைக்கருவியைக் காரை எலும்புக்குக் கீழே, பேஸ்மேக்கர் இருந்து தோல் மேடாகப் புடைத்திருக்கிற அதே இடத்தில், திரும்பத் திரும்பக் கொண்டுவருவார்கள். அங்கே பிடித்து வைக்கக் கூடாது, கையால் தடவிப் பாருங்கள் என்று எத்தனை முறை சொல்வது?

சர்க்கரை நோயாளிகள் உடம்போடு மாட்டியிருக்கும் இன்சுலின் பம்ப்பில் பல மாடல்களை எக்ஸ்ரே பெல்ட்டில் அனுப்பக் கூடாது என்று தயாரித்தவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். "கழற்றித் தட்டில் போடுங்க" என்றால் எப்படி?

முழு உடம்பையும் சோதிக்கும் மில்லிமீட்டர் அலை ஸ்கேனர் தோலுக்கு உள்ளே பார்க்காது, முட்டிக்குள் இருக்கும் உலோகம் அதற்குத் தெரியாது. மூட்டு மாற்றியவர்களுக்கு அது எவ்வளவு நிம்மதி! பக்கத்து வரிசையிலேயே இருந்தாலும், கேட்டால் "இந்த லைன்தான்". எல்லார் முன்னாலும் கையை விரித்து நிற்க வேண்டும். புது முட்டியோடு உட்கார ஒரு நாற்காலிகூடக் கிடையாது!