கெட்டது பெட்டி, விற்பது வேகம்

(சிங்கப்பூரின் பொங்கோலில் ஒரு கடைத்தொகுதியின் நடைபாதை, இணையச் சேவை நிறுவனம் ஒன்றின் விற்பனை மேசை. வள்ளியம்மை தேக்கா சந்தையிலிருந்து வாங்கிவந்த கீரைக்கட்டுகளுக்கு அடியிலிருந்து ஒரு ரவுட்டரை எடுத்து மேசைமேல் வைக்கிறார்.)

வள்ளியம்மை: தம்பி, இதை மாற்றிக் கொடுங்கள்.

தம்பி: நல்ல நேரத்தில் வந்திருக்கிறீர்கள் அம்மா! இன்று மாறுபவர்களுக்கு 10 ஜிகாபிட் திட்டத்தில் முதல் சில மாதங்களுக்குக் கட்டணமே கிடையாது. அடையாள அட்டை கையில் இருக்கிறதா?

வள்ளியம்மை: நான் மாற வரவில்லை தம்பி, பெட்டிதான் மாற வேண்டும். நாள் தவறாமல் தொடர்பு அறுந்துபோகிறது. பேத்தி வீட்டிலிருந்து பாடம் படிக்கும் நாளில், ஆசிரியர் கேள்வி கேட்டு முடிக்கும்வரை ஒழுங்காக இருந்துவிட்டு, அவள் பதில் சொல்ல வாயைத் திறக்கும்போதுதான் இது மயங்கி விழுகிறது.

தம்பி: வேகம் போதாமல் வரும் சிக்கல் அது.

வள்ளியம்மை: கேள்வி வருவதற்குப் போதுமாக இருந்த வேகம், பதில் போவதற்கு மட்டும் எப்படிப் போதாமல் போனது?

தம்பி: நாடே 10 ஜிகாபிட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது அம்மா. நாடளாவிய அகண்ட அலைவரிசைக் கட்டமைப்பை மேம்படுத்த 100 மில்லியன் வெள்ளி வரை செலவிடப்போவதாக அரசாங்கமே 2024இல் அறிவித்தது. நீங்கள் மட்டும் இன்னும் 1 ஜிகாபிட்டிலேயே இருக்கிறீர்கள்.

வள்ளியம்மை: அரசாங்கம் செலவிடுவது வேகத்தை என் வாசல்வரை கொண்டுவருவதற்கு. வாசலைத் தாண்டியதும் உட்கார்ந்திருப்பது உங்கள் பெட்டி. ஒன்று வந்தால் ஒன்றை அறுக்கிற பெட்டி, பத்து வந்தால் பத்தையும் சேர்த்து அறுக்கும். அதுவும் போக, என் மடிக்கணினியில் கம்பி செருகும் லேன் துளை 1 ஜிகாபிட்டுக்கு மேல் வாங்காது என்று மகன் சொல்கிறான். மிச்சம் ஒன்பதை நான் எதில் ஊற்றி வைப்பது?

தம்பி: பெட்டியை அணைத்து, பத்து விநாடி பொறுத்திருந்து, மறுபடியும் போட்டுப் பார்த்தீர்களா?

வள்ளியம்மை: கேபிள் மோடம் காலத்திலிருந்தே போட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். 2019இல் கேபிள்வழி இணையம் இங்கே விடைபெற்றது. தொலைக்காட்சிக்கு வந்த அந்தத் தடித்த கேபிள் போய், மெல்லிய கண்ணாடி இழை வந்தது. மின்குறி போய் ஒளி வந்தது. இத்தனை மாறிய பிறகும் உங்கள் பத்து விநாடி மட்டும் அப்படியே இருக்கிறது.

தம்பி: காரணம் இல்லாமல் சொல்வதில்லை அம்மா. அந்தப் பத்து விநாடியில், பெட்டிக்குள் தேங்கியிருக்கும் மின்சாரம் முழுவதும் வடிந்து, நினைவகம் காலியாகி, அது புதிதாகத் தொடங்கும்.

வள்ளியம்மை: தொடங்குகிறது. புதிதாகத் தொடங்கிப் புதிதாக விழுகிறது.

தம்பி: வீட்டில் எந்த இடத்தில் வைத்திருக்கிறீர்கள்?

வள்ளியம்மை: உங்கள் ஆள் வந்து வைத்த இடத்தில்தான். பாம் ஷெல்ட்டருக்குள்.

தம்பி: (முகம் மலர்ந்து) பிடித்துவிட்டேன்! தடித்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலை அதைத் தாண்டி வருவதற்குள் உயிரை விட்டுவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும் என்றாலும், வீவக அடுக்குமாடி புளோக்கில் மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்துவீடு என்று எல்லாரும் அதிலேதான் இருக்கிறார்கள், ஒன்றோடொன்று மோதாத தடங்களோ 1, 6, 11 என்று மூன்றே மூன்று.

வள்ளியம்மை: குண்டு தாங்கும் அறைக்குள் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தது நானா? சரி, வைத்தவரை விட்டுவிடுவோம். நீளமான லேன் கம்பி வாங்கி, பெட்டியை வரவேற்பறைக்குக் கொண்டுவந்தாயிற்று. வைஃபையே வேண்டாம் என்று நேராகக் கம்பியில் செருகிய கணினியிலும் தொடர்பு அறுகிறது. அந்த அறை குண்டு விழுந்தாலும் நிற்கும் தம்பி. அதற்குள் இருந்த உங்கள் பெட்டி குண்டு விழாமலேயே விழுந்தது.

தம்பி: அப்படியானால் வெளியிலிருந்து வரும் இழையில் கோளாறு இருக்கலாம். இழைக் கட்டமைப்பை நடத்துபவர்கள் வேறு. அது எங்கள் பொறுப்பில் வராது.

வள்ளியம்மை: இதைச் சொல்வீர்கள் என்று தெரிந்துதான் அதையும் பார்த்துவிட்டு வந்தேன். இழை வந்து சேரும் வெள்ளைப் பெட்டி சுவரோரமாகத் தனியாக இருக்கிறது. அதில் இழைத் தொடர்பைக் காட்டும் ‘பான்’ விளக்கு பச்சையாக, அசையாமல் எரிகிறது. இழையில் கோளாறு என்றால் சிவக்க வேண்டிய ‘லாஸ்’ விளக்கு எரிந்ததே இல்லை. அதே நேரத்தில் உங்கள் ரவுட்டரில் உலக உருண்டை போட்ட விளக்கு மட்டும் சிவந்துபோகிறது. வெள்ளைப் பெட்டி விழித்திருக்க, இது தூங்குகிறது என்றால் குற்றம் யாருடையது?

(தம்பி முதன்முறையாக ரவுட்டரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிறார். இந்த மேசைகளில் உட்காருபவர்களுக்கு விலைப்பட்டியலை மனப்பாடம் செய்விக்கிறார்களே தவிர, பெட்டியின் முதுகை ஒருவரும் காட்டுவதில்லை.)

தம்பி: காற்றுத் துளைகளில் ஏதோ கருப்பாகப் படிந்திருக்கிறதே! சாமி மாடத்துக்குப் பக்கத்தில் வைத்து ஊதுபத்தி ஏற்றினீர்களா? சூடு வெளியேற வழியில்லாமல்தான் நின்றுபோகிறது.

வள்ளியம்மை: ஊதுபத்தி இல்லை, சாம்பிராணி. அதுவும் இரண்டாவது பெட்டியும் கெட்டுப்போன பிறகு, வேறு வழி தெரியாமல் காட்டியது.

தம்பி: இரண்டாவதா?

வள்ளியம்மை: இது நீங்கள் மாற்றிக்கொடுத்த பெட்டி தம்பி. முதற்பெட்டியை நான் கொண்டுவந்து கொடுத்தபோது, வேறு யாரோ கொண்டுவந்து கொடுத்ததைத் துடைத்து எனக்குத் தந்தார்கள். அடியில் ஒட்டியிருந்த தாளில் வைஃபையின் பெயர் ஒன்று. செருகியதும் அது காட்டிய பெயர் இன்னொன்று. என்னுடைய பழைய பெட்டி இப்போது எந்த வீட்டில், யாரைப் பத்து விநாடி எண்ண வைத்துக்கொண்டிருக்கிறதோ!

தம்பி: புதிய திட்டத்தோடு தருவது புத்தம்புதிய பெட்டி அம்மா, இணையப் பாதுகாப்பு முத்திரையோடு வரும். 2021இலிருந்து இங்கே விற்கும் வைஃபை ரவுட்டர்கள் அந்த முத்திரையைப் பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. வெளியாட்கள் எளிதில் ஊடுருவ முடியாது.

வள்ளியம்மை: இணையமே இல்லாத வீட்டுக்குள் எவன் ஊடுருவுவான்? அந்தக் கணக்கில் இதைவிடப் பாதுகாப்பான பெட்டி சிங்கப்பூரிலேயே கிடையாது. அது கிடக்கட்டும், எனக்கு ஒன்றைச் சொல்லுங்கள். வெள்ளைப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைகளில் நானே ஒரு ரவுட்டர் வாங்கி இதன் இடத்தில் செருகலாமா, கூடாதா?

தம்பி: (குரலைத் தாழ்த்தி) செருகலாம். எங்கள் பதிவேட்டில் இருப்பது வெள்ளைப் பெட்டிதான், அதைத் தொடாதீர்கள். சிலருக்கு இரண்டும் ஒரே பெட்டியாக வரும். அவர்கள்தான் எங்களை அழைத்து, அதைப் பிரிட்ஜ் முறைக்கு, அதாவது ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு இணைப்பை மட்டும் கடத்தும் முறைக்கு, மாற்றச் சொல்ல வேண்டியிருக்கும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. வீட்டுத் தொலைபேசியை எதில் செருகியிருக்கிறீர்கள்?

வள்ளியம்மை: இந்த ரவுட்டரில்.

தம்பி: அப்படியானால் தொலைபேசி நின்றுபோகும்.

வள்ளியம்மை: அதில் என்னை அழைப்பது உங்கள் நிறுவனம் மட்டும்தான், வேகத்தைக் கூட்டிக்கொள்ளச் சொல்லி. தாராளமாக நிற்கட்டும்.

தம்பி: ஆனால் ஒப்பந்தம் இருக்குமே அம்மா. வழக்கமாக 24 மாதம். இடையில் முறித்தால் தண்டம் கட்ட வேண்டும். எதற்கும் பார்த்துவிடுகிறேன்.

(டேப்லெட்டில் தட்டுகிறார். திரையில் வளையம் சுற்றுகிறது, நிற்காமல் சுற்றுகிறது. மேசைக்கு அடியில் இருக்கும் நிறுவனத்தின் சொந்த ரவுட்டரில் உருண்டை விளக்கு சிவந்திருக்கிறது.)

வள்ளியம்மை: நீங்கள் அணையுங்கள், தம்பி. நான் எண்ணுகிறேன்.

(பத்து விநாடிக்கும் அதன் பிறகு சில நிமிடங்களுக்கும் பிறகு.)

தம்பி: உங்கள் ஒப்பந்தம் போன ஆண்டே முடிந்துவிட்டது.

வள்ளியம்மை: எனக்கு யாரும் சொல்லவில்லையே?

தம்பி: தனியாகச் சொல்வதில்லை அம்மா. முடிந்ததும் சலுகை நீங்கி, முழுக் கட்டணம் வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் தானாகப் போய்க்கொண்டிருக்கும்.

வள்ளியம்மை: தொடர்பு அறாத நாள் கிடையாது, கட்டணம் அறுந்த மாதம் கிடையாது. அதற்கு மட்டும் எந்த ரவுட்டரை வைத்திருக்கிறீர்கள்? அதை எனக்குக் கொடுங்கள்.

தம்பி: (சிரிப்பை அடக்க முடியாமல்) அம்மா, ஒப்பந்தம் இல்லாததால் நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் போகலாம், தண்டம் இல்லை. ஆனால் அங்கேயும் இதைப் போன்ற ஒரு பெட்டியைத்தான் இலவசம் என்று தருவார்கள்.

வள்ளியம்மை: எனக்குப் பெட்டியே வேண்டாம், இணைப்பு மட்டும் போதும் என்று சொன்னால் கட்டணத்தைக் குறைப்பார்களா?

தம்பி: ரவுட்டர் இல்லாத திட்டங்கள் சில இருக்கின்றன, அவற்றில் கட்டணம் குறைவு. கேட்டால்தான் சொல்வார்கள்.

வள்ளியம்மை: உங்களிடம் அப்படி ஒரு திட்டம் இருக்கிறதா?

தம்பி: இருக்கிறது.

வள்ளியம்மை: அதன் தாளை இந்த மேசையில் காணவில்லையே?

தம்பி: மேசைக்கு அடியில், அந்த ரவுட்டர் ஆடாமல் இருப்பதற்காக மடித்து முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறோம் அம்மா.

வள்ளியம்மை: உருவுங்கள்.