பட்டாளத்தாருக்குப் பென்ஷன் மட்டும் போதாது

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவனிடம் ஊரார் கேட்பது ஒரே கேள்விதான்: அடுத்து என்ன வேலை? வங்கிக் காவலா, ஏ.டி.எம். காவலா? இனி யாரோடு இருக்கப் போகிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய கேள்வியாக இருந்தது.

ராமநாதபுரம் மாவட்டம் சாயல்குடிக்குக் கிழக்கே கடலோரக் கிராமம் எங்களுடையது. மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்துவிட்டு முப்பத்தைந்து வயதில் திரும்பினேன். வீடு நிறைய மாமன், மச்சான். பாசத்துக்குக் குறைவே இல்லை. ஆனாலும் இரவுக் காவலை மாற்றிக்கொள்ள வருகிற ஆளின் காலடிச் சத்தத்தைக் கேட்டு நிம்மதியாகப் பழகியவனுக்கு, அந்த நிம்மதி வேறு எங்கும் கிடைப்பதில்லை.

கோவையிலுள்ள 110-வது பிராந்திய ராணுவப் பட்டாலியனில் சேர்ந்த பிறகுதான் அது திரும்பக் கிடைத்தது. பிராந்திய ராணுவம் (டெரிட்டோரியல் ஆர்மி) 1949 அக்டோபர் 9 அன்று ராஜாஜி தொடங்கி வைத்த படை. சொந்தத் தொழிலைப் பார்த்துக்கொண்டே ஆண்டுக்கு 2 மாதம் பயிற்சி முகாமுக்குப் போகலாம். 42 வயது வரை முன்னாள் படைவீரர்களும் சேரலாம். முகாமிலோ அழைப்பிலோ இருக்கும் நாட்களுக்குத்தான் சம்பளம். நாடு அழைத்தால் மாதக்கணக்கில் எல்லைக்கும் போக வேண்டும். வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டு வாருங்கள்.

என் செக்ஷனில், அதாவது எங்கள் சிறு குழுவில், ஒரு தச்சர், ஒரு கல்லூரி ஆசிரியர், தொண்டிப் பக்கம் வல்லம் என்ற மீன்பிடிப் படகு ஓட்டுகிற தம்பி. எங்கள் மாவட்டத்தில் யார் வீட்டில் யார் கை நனைப்பது என்பதைப் பல ஊர்களில் இன்றும் தெருதான் தீர்மானிக்கிறது. லங்கர் என்கிற ராணுவச் சமையற்கூட வரிசையில் தட்டோடு நிற்கும்போது அந்தக் கணக்கு செல்லாது. முகாம் முடிந்த பிறகும் அது செல்லுபடியாகவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். அப்பா மதுரையில் அறுவைச் சிகிச்சைக்குப் படுத்திருந்தபோது, சொந்தக்காரர்களுக்கு முன்பே ரத்தம் கொடுக்க வந்து நின்றவர் அந்தத் தச்சர். இப்போது அவர் எங்கள் வீட்டு விசேஷங்களில் பந்தியின் முதல் வரிசையில் உட்காருகிறார். சாதியைப் பற்றி எத்தனையோ மேடைப் பேச்சு கேட்டிருக்கிறேன். எதுவும் எங்கள் வீட்டுப் பந்தியை மாற்றவில்லை.

அக்னிபத் திட்டத்தில் 4 ஆண்டுப் பணிக்குப் படையில் சேரும் அக்னிவீரர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது. 4 ஆண்டு முடிந்ததும் நால்வரில் ஒருவருக்கு மேல் படையில் நிரந்தர இடமில்லை என்பதுதான் 2022-இல் அறிவித்த திட்டம். மற்றவர்கள் பென்ஷனும் இல்லாமல் இருபதுகளிலேயே ஊர் திரும்புவார்கள். அவர்களுக்குப் பிராந்திய ராணுவத்தில் தனி இடம் ஒதுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். கடனுதவிப் படிவத்தோடு இந்த வழியையும் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் சொல்லித்தர வேண்டும்.

சேர விரும்பும் தம்பிகள் எனக்கு எழுதுங்கள். படிவம் நிரப்ப நான் உதவுகிறேன். ஓட்டப் பயிற்சிக்கு விடியற்காலையில் மூக்கையூர் கடற்கரைக்கு வந்துவிடுங்கள், சேர்ந்தே ஓடலாம்.